பதிலுக்கு முந்திய ஆணை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கொக்கி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. எந்தக் கோப்பு அவர் மேஜைக்குப் போனாலும் ஒரு கேள்வியை மாட்டித்தான் திரும்பி வரும். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொன்னோம். பிறகு தைரியம் வந்து நேருக்கு நேராகவே கொக்கி அக்கா என்று கூப்பிட்டோம். அவரும் சாதாரணமாக "என்ன தம்பி?" என்று திரும்பினார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் பொழுது போயிருக்கும்.

எங்களுடையது குடிநீர் வழங்கும் துறையின் தலைமை அலுவலகம். அதில் ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்கும் பிரிவு மாடிப்படிக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஓர் அறையில் இருந்தது. நாலு மேஜை, ஒரு மின்விசிறி. அந்த விசிறியும் கண்காணிப்பாளர் தலைக்கு மேல் மட்டும் சுற்றும். நான் அங்கே டைப்பிஸ்ட். கொக்கி அக்கா உதவியாளர், எனக்கு எதிர் மேஜை. ஆள் குள்ளம். மேஜையில் கோப்புகள் உயர்ந்துவிட்டால் நெற்றி மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த நெற்றி சுருங்குகிறதா இல்லையா என்று பார்த்தே பாதி ஆபீஸ் பயந்துகொண்டிருந்தது.

ஓர் ஊழியர் மேல் புகார் வந்தால் முதலில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை போகும். உங்கள் மேல் இன்ன குற்றச்சாட்டு, பதினைந்து நாளுக்குள் பதில் எழுதுங்கள் என்று அது சொல்லும். பதிலைப் படித்து, அது சரியில்லை என்று தோன்றினால்தான் விசாரணை அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். தன் பங்குக்கு வரும் கோப்புகளில் அந்த நியமன ஆணையை எழுதுவது கொக்கி அக்காவின் வேலை. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி, அதே வேலை. புகார் கொடுத்தவர் விசாரிக்கக்கூடாது, சாட்சி சொல்லப்போகிறவர் விசாரிக்கக்கூடாது, குற்றம் சாட்டப்பட்டவரைவிடச் சின்னப் பதவியில் இருப்பவர் விசாரிக்கக்கூடாது என்று ஒவ்வொரு பெயரையும் சலித்துத்தான் எடுப்பார். அவர் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே மூணு விளக்கம் கேட்டா சார். இன்னும் ஒண்ணுக்கு நான் பதில் குடுக்கல, நிலுவையில இருக்கு" என்று ஒருநாள் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டுக்கு" என்றார்.

இவர் ஏன் இப்படி என்று காரணம் தேடுபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். சின்ன வயதில் அவருக்கு எந்த அநியாயமும் நடக்கவில்லை. யாரும் அவரை அழவைக்கவில்லை. அவர் சுபாவமே அப்படி, அவ்வளவுதான்.

எங்கள் சுபாவம் வேறு. எங்களிடம் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. அதற்கு ஜோடி என்று பெயர். குற்றச்சாட்டுக் குறிப்பாணையை டைப் செய்யும்போதே விசாரணை அலுவலர் நியமன ஆணையையும் கையோடு டைப் செய்து, தேதியை மட்டும் காலியாக விட்டு, கையெழுத்தும் வாங்கி டிராயரில் போட்டுவிடுவோம். பதினாறாம் நாள் தேதி எழுதி அனுப்பினால் வேலை முடிந்தது. ஊழியர் பதிலில் என்ன எழுதியிருக்கிறார் என்று எவன் படிப்பான்? கண்காணிப்பாளருக்கு எல்லாமே அவசரம் என்பதால் அவருக்கு அவசரம் என்றே பெயர். அவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அக்காவின் கோப்புகளில் மட்டும் இது நடக்காது. யாராவது ஜோடி போட்டு வைத்தால் இரண்டாவதை அவர் நாலாகக் கிழித்துக் குப்பையில் போடுவார்.

அந்த வருடம் அவர் மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் போனார். அந்தப் பத்து நாளில்தான் பம்பு ஆபரேட்டரின் கோப்பு வந்தது.

நகரத்தின் ஒரு பகுதிக்கு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வரவில்லை. ஜனங்கள் குடங்களோடு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மேலிடத்துக்கு உடனே ஒரு தலை தேவைப்பட்டது. அந்தப் பம்பு நிலையத்தின் பொறியாளர், ஆபரேட்டர் பணிக்கு வரவில்லை, மோட்டாரை ஓட்ட ஆளில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். ஆபரேட்டர் முப்பத்தொரு வருட சர்வீஸ்காரர், ஓய்வுக்கு ஐந்து மாதம்தான் பாக்கி. அவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தார்கள். ஓய்வு பெறும் நாளில் விசாரணை முடியாமல் இருந்தால் எங்கள் துறையில் ஓய்வும் கிடையாது, வேலையும் கிடையாது. அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். குற்றம் உறுதியானால் முப்பத்தொரு வருடமும் போச்சு.

நான்தான் ஜோடி போட்டேன். பழைய கோப்பைக் கணினியில் திறந்து பெயரையும் பதவியையும் மாற்றினேன். விசாரணை அலுவலர் பெயருக்கான இடத்தில் யாரைப் போடுவது என்று கேட்டேன். "அந்த இன்ஜினியரையே போடுப்பா. அவருக்குத்தான் விஷயம் தெரியும். அவசரம்" என்றார் அவசரம். போட்டேன். கையெழுத்தான இரண்டும் அனுப்புகைப் பிரிவுக்குச் சேர்ந்தே போய்விட்டன; அங்கே புதிதாக வந்திருந்தவருக்கு இரண்டாவதை நிறுத்தி வைக்கும் எங்கள் ஏற்பாடு தெரியாது. இரண்டிலும் ஒரே தேதியைக் குத்தி ஒரே உறையில் அனுப்பிவிட்டார்.

விடுப்பு முடிந்து வந்த அக்கா, பேத்தி பிறந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் நெற்றி சுருங்கியது. என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு நகல்களையும் எடுத்துக்கொண்டு நேராகக் கண்காணிப்பாளர் மேஜைக்குப் போனார்.

"சார், புகார் குடுத்தவரே விசாரணை அலுவலரா?"

"அட, அது கைத்தவறும்மா. வேற பேரு போட்டுத் திருத்தம் அனுப்பிடலாம்."

"பேரை மாத்தினாப் போதாது சார். ஆணையையே ரத்து பண்ணணும். பதினஞ்சு நாள்ல பதில் குடுன்னு கேட்ட அன்னைக்கே விசாரணை அலுவலரையும் போட்டிருக்கோம்."

"ரத்து பண்ணா நம்ம தப்ப நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இயக்குநர் கையெழுத்துப் போட்ட ஆணை. உனக்கு எதுக்கும்மா வம்பு? பதிவறையில ஒரு இடம் காலியா இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

பதிவறை என்பது பின்கட்டில் கரையானும் பழைய கோப்புகளும் குடித்தனம் நடத்தும் இடம். அங்கே போனவர்களுக்குப் பதவி உயர்வு வந்ததாகச் சரித்திரம் இல்லை. அக்கா இரண்டு நகல்களையும் எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குத் திரும்பி வந்தார்.

மறுநாள் ஆபரேட்டரே வந்தார். தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் தரும் பாதிச் சம்பளத்துக்காக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வந்தவர். கைகளில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை.

"அண்ணே, பதில் எழுதிட்டீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"என்னத்தைம்மா எழுதுறது? இன்ஜினியர்கிட்ட வாயால சொன்னேன். விசாரணையில சொல்லிக்கோன்னார். விசாரிக்கப் போறதும் அவரேதான்னு தபால் வந்துச்சு. நீங்க முடிவு பண்ணிட்டீங்க. இனிமே நான் எழுதி யாரு படிக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. டைப் அடித்த விரல் என்னுடையதுதானே!

அன்று மதியம் அக்கா சாப்பிடப் போகவில்லை. கோப்பின் குறிப்புத்தாளில், பக்க எண் போட்டு, மையால், ஒரு முழுப் பக்கம் எழுதினார். எங்கள் தொழிலில் இது கடைசி ஆயுதம். குறிப்புத்தாளில் பக்க எண்ணோடு ஏறியதை யாராலும் கிழிக்க முடியாது. மேலே அனுப்பியே தீர வேண்டும். அவசரம் அதைப் படித்தார், வியர்த்தார், விசிறி அவர் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தும்.

மூன்றாம் நாள் இயக்குநர் அம்மா அவசரம், அக்கா, நான் என்று எங்கள் மூவரையும் கூப்பிட்டார். பெரிய அறை, பெரிய மேஜை. அவர் எதிரில் இரண்டு ஆணைகளும் அருகருகே கிடந்தன.

"இதுல என்ன பெரிய தப்பு? எப்படியும் விசாரணை நடக்கத்தானே போகுது?" என்றார் இயக்குநர். குரலில் எரிச்சல் தெரிந்தது.

அக்கா ஓரடி முன்னால் போய் இரண்டு தேதிகளையும் விரலால் காட்டினார்.

"நடக்கும்னு எப்படிம்மா தெரியும்? அவர் பதில் இன்னும் வரலை. பதில் எழுதப் பதினஞ்சு நாள் குடுத்திருக்கோம். அதே தேதியில விசாரணைக்கும் ஆள் போட்டிருக்கோம். நீ என்ன எழுதினாலும் நாங்க படிக்கப் போறதில்லைன்னு நாமளே கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பியிருக்கோம்மா. அவரும் சரிதான்னு எழுதாம உட்கார்ந்துட்டாரு."

இயக்குநர் இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் இதை ஒண்ணா டைப் பண்ணது?"

அவசரம் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்க்கலாமா என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. "நான்தாம்மா. இங்க வழக்கமே அதுதான். எல்லாக் கோப்புலயும் அப்படித்தான், அக்காவோடதுல தவிர" என்றேன். பயத்தில் உண்மை முழுசாக வந்துவிட்டது.

பிறகு இயக்குநர் பேனாவை எடுத்து, நியமனம் ரத்து, பதிலுக்குப் புதிதாகப் பதினைந்து நாள், பதிலைப் படித்த பிறகே அடுத்த உத்தரவு என்று குறிப்புத்தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்காணிப்பாளரை மட்டும் இருக்கச் சொன்னார். கதவை நாங்கள் சாத்திக்கொண்டு வந்தோம். படியிறங்கும்போது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "தம்பி, தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

ரத்து ஆணை கிடைத்த ஏழாம் நாள் ஆபரேட்டரின் பதில் வந்தது. தானே கையால் எழுதியிருந்தார், நாலே வரி. "ஐயா, அந்தத் தேதியில் நான் பணிக்கு வராதது உண்மை. அன்றும் மறுநாளும் வெளியூரில் நடந்த புதிய மோட்டார் பயிற்சிக்கு என்னைத் தலைமை அலுவலகம்தான் அனுப்பியது. ஆணையின் நகலை இணைத்துள்ளேன். எனக்குப் பதில் ஆள் போடச் சொல்லி அந்த ஆணையிலேயே பொறியாளருக்கு எழுதியிருக்கிறது."

அக்கா இரண்டு தரம் படித்தார். இணைப்பைத் திருப்பினார். பிறகு அதை என் மேஜையில் வைத்து, அடியில் இருந்த, டைப் செய்தவரின் சுருக்கொப்பத்தின் மேல் விரலை வைத்தார். "இது யாரு தம்பி?"

என்னுடையது. பயிற்சிப் பிரிவில் டைப்பிஸ்ட் இல்லாததால், பயிற்சிக்கு அனுப்பிய ஆணையையும் நான்தான் டைப் செய்திருக்கிறேன், நாலு வாரத்துக்கு முன்னால். அந்த மனிதரை வெளியூருக்கு அனுப்பியதும் நானே, வெளியூரில் இருந்ததற்குக் குற்றம் சாட்டியதும் நானே. இரண்டையும் ஒரே கணினியில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அன்று மாலையே கோப்பு மேலே போய் மறுநாள் காலையில் திரும்பி வந்தது. விளக்கம் ஏற்கப்படுகிறது, குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன, தற்காலிகப் பணிநீக்கம் ரத்து, அந்த நாட்கள் பணிக்காலமாகக் கருதப்படும். பொறியாளருக்குத் தனியாக ஒரு விளக்கம் கேட்கப்பட்டது. பதில் வரும்வரை அவருக்கும் விசாரணை அலுவலர் போடக்கூடாது என்று அக்கா முதல் ஆளாகக் குறிப்பு எழுதினார். இனி ஜோடி கிடையாது என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அவசரம் அதில் கையெழுத்துப் போடுகையில் முதல் தடவையாக நிதானமாகப் படித்தார். பதிவறையைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை.

ஆணையை வாங்க ஆபரேட்டர் வந்தபோது மணி பதினொன்று. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, விசாரணைக்கு வந்தவர் போலக் கைகட்டி நின்றார். அக்கா எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்தும் நம்பிக்கை வரவில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், அங்கே ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று.

"விசாரணை அலுவலரா இப்ப யாரைப் போட்டிருக்கீங்கம்மா?"

"யாரையும் போடலண்ணே. விசாரிக்க ஒண்ணுமே இல்ல."

அவர் அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அப்ப நான் இன்னைக்கே டியூட்டிக்குப் போலாமா?"

"இப்பவே போலாம்."

"படிச்சீங்களாம்மா? நான் எழுதினதை?"

"ரெண்டு தரம்" என்றார் அக்கா.

அவர் அழுதார், அழுதுகொண்டே சிரித்தார், துடைத்த கையாலேயே அக்காவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வேகமாக வெளியே போனார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தோம். யார் முதலில் எழுந்தது என்று தெரியவில்லை. அக்கா மட்டும் உட்கார்ந்து அடுத்த கோப்பைப் பிரித்திருந்தார்.