முப்பத்தெட்டு மணி நேரம்

"என்னடா, குளிர் ஜாஸ்தியா?" என்று திரையைக் கேட்டபடியே பையை மாட்டுகிறார் தாமதம் சார். முப்பத்தொரு வருடமாக இதே விசாரிப்பு. விசாரிக்கப்படுவது, கோள்களையெல்லாம் தாண்டிப் போய்விட்ட ஒரு விண்கலம். இங்கிருந்து சொல் போய்ச்சேரப் பத்தொன்பது மணி நேரம். பதில் வர இன்னொரு பத்தொன்பது. அந்தத் தாமதம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது; பட்டப்பெயரும் அதிலிருந்துதான். "வர்றப்ப பல்பு வாங்கிட்டு வாங்கன்னா, மறுநாள் காலையில எத்தனை வாட்டுன்னு கேப்பாரு" என்கிறார் மனைவி.

கலத்தில் மின்சாரம் வற்றிக்கொண்டிருந்தது. படுக்கையில் விழுந்தவருக்கு மருந்தைக் குறைப்பதுபோல், நாலு வருடமாக ஒவ்வொரு கருவியாக அணைத்தவர் இவர்தான். மிஞ்சியது வெப்பமானியும் ஒலிபரப்பியும்.

கலத்தையே அணைத்துவிட மேலிடம் நாள் குறித்தது. வெள்ளி காலை பதினொரு மணிக்கு இயக்குநர் கடைசிப் பொத்தானை அமுக்குவார், ஒரு நிமிட மௌனம், பிறகு கேக்.

"சார், இப்ப அமுக்கினா அதுக்கு நாளைக்குத்தான் தெரியும். அது அடங்கினது நமக்குத் தெரிய ஞாயித்துக்கிழமை ஆயிரும்" என்றார் தாமதம் சார் இயக்குநரிடம்.

"யாருங்க கேக்கப்போறாங்க? அந்தத் திரையை மட்டும் கொஞ்சம் திருப்பி வைங்க."

திருப்பி வைத்தார். கூட்டம் தலைகுனிந்து நின்றபோது, சுவரைப் பார்த்து எண்கள் வந்துகொண்டிருந்தன. "போயிருச்சா?" என்று கிசுகிசுத்தார் சிறப்பு விருந்தினர். "போயிருச்சுங்க" என்றார் இயக்குநர். கலத்தின் வடிவில் செய்த கேக்கில் இருந்த ஆன்டெனா விருந்தினர் தட்டுக்குப் போனது.

இரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய ஆட்கள் வந்தார்கள். புதுத் திட்டத்துக்கு இடம் வேண்டுமாம்.

"நீங்க கெளம்புங்க. அது பாட்டுக்குப் பதிவாகும்ல?" என்றார் இயக்குநர்.

"ஆகாது சார். நான் எந்திரிச்சுப் போனா, நம்ம ஆன்டெனாவைப் புதுக் கலத்துப் பக்கம் திருப்பிருவாங்க. அந்த உத்தரவுல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

"செத்ததுக்கு எதுக்குய்யா காவல்?"

"உயிரோட இருக்கு சார். முப்பத்தஞ்சு மணி நேரக் கணக்கு இன்னும் வரணும். நோயாளியோட கடைசி சார்ட்டை எழுதாம எந்த டூட்டியும் முடியாது."

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியேறினார். மேசை, அலமாரி, மின்விசிறி என்று வரிசையாகப் போயின. திரை தரைக்கு வந்தது. கடைசியாக, பட்டியலைப் பார்த்தபடி ஒருவர் தயங்கி நின்றார்: "சார், இந்த நாற்காலியும் இருக்கு."

தாமதம் சார் உடனே எழுந்தார். நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, வேட்டி கட்டியவரைப்போல் பேண்ட்டை முழங்காலுக்குமேல் இழுத்துக்கொண்டு, திரைக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.