திருடிய பாஷை

செல்லக்கிளியின் நாக்குக்குச் சாதி தெரியாது. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய அம்மாசியின் மகள் அவள். மில்லில் ஒரு தமிழ், பாலக்கரைக் கடைத்தெருவில் ஒரு தமிழ், கல்லூரி விடுதியில் தோழிகளின் ஸ்ரீரங்கத்துத் தமிழ் என்று காதில் விழுந்ததெல்லாம் அவளிடம் ஒட்டிக்கொண்டது. ஆளைப் பார்த்து மனிதர்கள் பேச்சை ஏன் மாற்றுகிறார்கள், இங்கிலீஷ் வந்ததும் முதுகு ஏன் நிமிர்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

வழிகாட்டி பேராசிரியர் ராகவாச்சாரி. மொழிக்கு உயர்வு தாழ்வு கிடையாது என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் எழுதியவர். நாலு வருடமாக அவளிடம் இங்கிலீஷில் மட்டுமே பேசினார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம்.

1963இல் ஒரு காலை, வீட்டுப் பேச்சைப் பதிவு செய்ய அவரே தம் வீட்டுக்கு வரச் சொன்னார். அவள் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனபோது அவர் கோயிலுக்குப் போயிருந்தார். மனைவி ரங்கநாயகிதான் கதவைத் திறந்தார்.

"தளிகை ஆயிடுத்தா மாமி?" என்றாள் செல்லக்கிளி. சமையல் ஆயிற்றா என்று கேட்க, விடுதித் தோழிகளின் ஐயங்கார்ச் சொல்தான் நாக்கில் வந்தது.

மாமியின் முகம் மலர்ந்தது. "வாடி கொழந்தே! சாத்தமுதுதான் பாக்கி. மொதல்ல ஒரு வாய் புளியோதரை சாப்பிடு."

கூடத்தில் டேப் சுற்ற, மாமி சமையலைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். புளியோதரையின் மிளகாய் செல்லக்கிளிக்குப் புரையேறியது.

"ஆத்தாடி! தண்ணி, தண்ணி குடுங்க!"

மாமி பதறிப்போய்க் குடத்திலிருந்து சொம்பில் மொண்டு நீட்டினார். அவள் குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகுதான் அந்தக் கை நின்றது.

"ஆத்தாடியா? நீ யாராத்துப் பொண்ணு?"

"மண்ணச்சநல்லூருங்க. அப்பா மில்லுல மூட்டை தூக்கறாங்க."

மாமி எழுந்தார். குடத்தைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தார். ஒரு சொம்புதான் குறைந்திருந்த குடம். தண்ணீர் மடமடவென்று கொட்டி ஓடிற்று. செல்லக்கிளி எழுந்து நின்றாள். இப்போதுதானே தடவினார் இந்த முதுகை!

"எங்க பாஷையைத் திருடிண்டு வந்துட்டியேடி!" என்றார் மாமி.

"லண்டன்காரன் பாஷையை உங்க வீட்டுக்காரர் பேசறாரே, அது என்னங்க மாமி?"

வாசலில் பேராசிரியர் நின்றிருந்தார். ஈர முற்றத்தையும் சுழலும் டேப்பையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. அருகே வந்து, தாழ்ந்த குரலில், "அதை அழிச்சுடும்மா. நாளைக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார்.

குடம் கவிழ்ந்தபோதுகூட அவள் இப்படித் திடுக்கிடவில்லை. அவர் அவளிடம் பேசிய முதல் தமிழ் அது. நாலு வருடம் அவளை எட்ட நிறுத்த இங்கிலீஷ். இப்போது ஒரு காரியம் ஆக வேண்டும், தமிழ் வந்துவிட்டது, "அம்மா"வும் வந்துவிட்டது. மொழிக்கு உயர்வு தாழ்வில்லை என்று அவர் எழுதியதெல்லாம் எதற்கு?

"தண்ணி கொட்டின சத்தம்தானே சார், அதுல பாஷை எங்க இருக்கு?"

டேப்பை நிறுத்தக் கை நீட்டிய அவரிடம் அவளே பதிலும் சொன்னாள்.

"இருக்குங்க. நீங்க இப்பப் பேசினதும் பதிவாயிருக்கு. ரெண்டும் ஆராய்ச்சியில வரும்."

கையெழுத்து இல்லாமல்தான் அன்று காவிரிப் பாலம் தாண்டினாள். வேறொரு ஊரில், வேறொரு வழிகாட்டியிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிப் பட்டம் வாங்கியபோது தலையில் நரை எட்டிப் பார்த்திருந்தது. டேப்பை அவள் அழிக்கவில்லை.