தம்பிக்கு வைத்த தட்டு

அவுஸ்திரேலியாவில், டூங்கபி என்ற இடத்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சமூக மண்டபம் இருந்தது. அதைத் துப்புரவு செய்வதும், வாடகைக்கு எடுப்பவர்களுக்குத் திறந்துவிட்டு அவர்கள் போன பிறகு பூட்டுவதும் என் வேலை. பிறந்தநாள் விழா, யோகாசனம், பரதநாட்டிய வகுப்பு என்று யாராவது வருவார்கள். நான் பின்பக்கம் தேத்தண்ணீர் போடும் குசினிக்குள் இருந்துகொள்வேன். அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆங்கிலம் கேட்டால் விளங்கும், பேச வாய் வராது.

2011 தொடக்கத்தில் ஒரு புதுக் கூட்டம் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம், பத்துப் பன்னிரண்டு பேர். பதிவுப் புத்தகத்தில் வாசகர் வட்டம் என்று எழுதியிருந்தார்கள். முதல் நாளே புகை மணி அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வட்டமாகப் போட்ட கதிரைகளின் நடுவில், ஒரு பெரிய சிப்பிக்குள் காய்ந்த இலைக்கட்டு புகைந்துகொண்டிருந்தது. நான் கதிரையில் ஏறி நின்று மேசைத் துணியால் மணியை விசிறினேன். அது அடங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மண்டப அலுவலகத்துக்கு நான் ஒன்றும் அறிவிக்கவில்லை. அடுத்த மாதம் அவர்கள் பற்றரியில் எரியும் மெழுகுதிரிகளோடும் எனக்கு ஒரு துண்டு கேக்கோடும் வந்தார்கள்.

தாங்கள் பேகன்கள் என்று அவர்களுடைய தலைவி சொன்னார். இயற்கையையும் பழைய தெய்வங்களையும் கும்பிடுகிறவர்கள். பௌர்ணமிக்குப் பூசை உண்டு, பருவங்கள் மாறும்போது திருநாள் உண்டு. அவர் அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நான் பயப்படுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். பௌர்ணமிக்கு விரதம் இருந்து வளர்ந்த எனக்கு அதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை.

ஆச்சரியம் வேறொன்றில் இருந்தது. நரை விழுந்த அந்த மனிதர்கள் அங்கே கூடி வாசித்தது சிறுபிள்ளைகளுக்கான ஒரு மாயக்கதைத் தொடரை. மந்திரம் கற்கும் பிள்ளைகளைப் பற்றிய தடித்த தடித்த புத்தகங்கள். அந்தக் காலத்தில் ரயிலில் ஏறினால் யாராவது ஒரு பிள்ளையின் மடியில் அதைக் காணலாம். இவர்களோ ஒவ்வொரு பாகத்தையும் ஐந்தாறு தரம் வாசித்தவர்கள். பஸ் ஓட்டும் தாடிக்காரர் ஒருவர், முதுகு பிய்ந்த பாகங்களைப் பெட்டி ஒட்டும் நாடாவால் கட்டி வைத்திருந்தார். அதிகம் குறை சொல்கிறவரும் அவர்தான்.

"இதில் ஒருவரும் நிலாவுக்கு நன்றி சொல்வதில்லை. ஒரு தெய்வத்தையும் அழைப்பதில்லை. கோலை ஆட்டினால் மந்திரமா?" என்பார்.

"அப்படியென்றால் ஏன் ஏழாம் தரம் வாசிக்கிறாய்?" என்று தலைவி கேட்பார்.

"எட்டாம் தரம்," என்பார் தாடிக்காரர்.

தலைவி முப்பது வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். தன் மதத்து ஐங்கோண நட்சத்திரத்தை அத்தனை வருடமும் சீருடைக்குள் மறைத்தே அணிந்திருந்தாராம். கண்ட நோயாளிகள் சிலர் வேறு தாதியைக் கேட்டிருக்கிறார்கள். இந்தப் புத்தகங்கள் வந்த பிறகு ஒருநாள், காய்ச்சலாய்க் கிடந்த ஒரு சிறுமிக்குக் குனிந்து போர்வை இழுத்துவிடும்போது அந்த நட்சத்திரம் கோத்த சங்கிலி வெளியே விழுந்துவிட்டது. "நீங்கள் உண்மையான சூனியக்காரியா?" என்று அந்தப் பிள்ளை கேட்டதாம். "அவள் கண்ணில் பயமே இல்லை. ஆசைதான் இருந்தது. அதற்காக இந்தப் புத்தகத்தில் எந்தப் பிழை இருந்தாலும் நான் மன்னிப்பேன்," என்றார்.

அந்த வருடம் குளிர்காலத்தில் அந்தக் கதையின் கடைசிப் படம் திரைக்கு வந்தபோது, எல்லோரும் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பரமட்டாவுக்கு ரயிலில் போனார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் கம்பளிச் சட்டையோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன். தாடிக்காரர் தொடக்கம் முதல் கடைசிவரை அழுதார்.

தலைவி எனக்கு முதல் பாகத்தைத் தந்தார். அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். முடிக்க மூன்று மாதம் எடுத்தது. அந்த நேரத்தில்தான் என் தம்பி இந்தோனேசியாவுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

தம்பி எனக்கு எட்டு வயது இளையவன். வவுனியாவில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஏற்றிவிடுவதாகச் சொன்னவர்களை நம்பி, மனைவியை அவளுடைய தாய் வீட்டில் விட்டுவிட்டு வெளிக்கிட்டான். குளிரான மலையூர் ஒன்றில், ஒரு அறைக்குள் ஆறு பேரோடு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தான். நான் வேலை முடிந்து வந்து பின்னேரத்தில் அவனோடு போனில் கதைப்பேன். இரண்டு பக்கத்திலும் சொல்ல ஒன்றும் இருக்காது.

"சாப்பிட்டியாடா?"

"ஓம். நீங்கள்?"

"ஓம்."

இதற்கு மேல் போகாது. ஒருநாள், கதைக்க வேறொன்றும் இல்லாமல், நான் வாசித்த அத்தியாயத்தைச் சொன்னேன். அவன் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தான். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"பிறகு?" என்றான்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்தக் கதைதான். மண்டபத்தில் கேட்டதையும் சேர்த்துச் சொல்வேன். அவனோ கேள்வி கேட்பான்.

"அக்கா, இந்த மந்திரக்காரருக்கு விசா தேவையில்லையோ?"

"தெரியாதடா."

"உங்கட ஆக்களிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. விளக்குமாத்தில பறந்து வந்தா நேவி பிடிக்குமோ எண்டும் கேளுங்கோ."

அடுத்த ஞாயிறு தேத்தண்ணீர் கொண்டு போனபோது, எப்படித் துணிந்தேனோ தெரியாது, "என் தம்பி ஒரு கேள்வி கேட்கிறான்," என்று சொன்னேன். அந்த வட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தரம். சிரித்தார்கள். பிறகு அரை மணி நேரம் அதைப் பற்றியே வாதாடினார்கள். விசா இல்லாத உலகத்தை யாராலும் கற்பனை செய்ய முடியாதாக்கும் என்றார் தாடிக்காரர். விளக்குமாறு பறப்பதற்கல்ல, பூசைக்கு முன் இடத்தைக் கூட்டுவதற்கு என்று தம்பிக்குச் சொல்லச் சொன்னார் தலைவி. சொன்னேன்.

"அப்ப அவையும் உங்களை மாதிரிக் கூட்டித் துடைக்கிற ஆக்கள்தான்," என்றான்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் புத்தகத்தைத் திறக்குமுன் என் பக்கம் திரும்பி, "தம்பி என்ன கேட்கிறான்?" என்பார்கள். எனக்கென்று ஒரு கதிரை போட்டார்கள். பசிக்கு மந்திரம் இருக்கிறதா என்று ஒரு மாதம் கேட்டான். மந்திரம் படிக்காத பெற்றோர் பிள்ளைக்கு எப்படிக் கடிதம் எழுதுவார்கள் என்று இன்னொரு மாதம். தலைவி அந்தக் கேள்விகளைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

2012 நடுப்பகுதியில் ஒரு பின்னேரம் அவனே அழைத்தான். "இண்டைக்கு வெளிக்கிடுறம் அக்கா. போன் இருக்காது. போட்டு வாறன்," என்றான். பின்னால் ஆட்கள் அவசரப்படும் சத்தம் கேட்டது. நான் பத்திரம் என்றேன். அவ்வளவுதான்.

ஒரு கிழமை போனது. ஒரு மாதம் போனது. குடிவரவு அலுவலகத்துக்குப் போன் எடுத்தால் படகின் இலக்கம் கேட்டார்கள். எனக்கு எந்த இலக்கமும் தெரியாது. படகில் வருகிறவர்களை அடைத்து வைக்கும் தீவு முகாமில் இருப்பவர்களிடம் ஆட்களைப் பிடித்து விசாரித்தோம். அந்தப் பெயரில் ஒருவரும் வரவில்லை. அந்த நாளில் வெளிக்கிட்ட படகைக் கண்டதாகவும் ஒருவரும் சொல்லவில்லை. தம்பியின் மனைவி ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பாள்.

"ஏதும் அறிஞ்சனீங்களே மச்சாள்?"

"இல்லை."

"சரி மச்சாள்."

அவள் பொட்டு வைக்கிறாள், தாலி போட்டிருக்கிறாள். உறவினர் ஒருவர் செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டி பற்றி வாய் எடுத்தபோது அவரை வாசலோடு அனுப்பிவிட்டாளாம். எந்த நாள் என்று தெரியாமல் எந்தத் திதியில் என்ன செய்வது? நானும் அப்படித்தான் இருந்தேன். யாராவது வந்து சொல்லும்வரை அவன் இருக்கிறான்.

மண்டபத்தில் ஒரு தரம்தான் சொன்னேன், படகைப் பற்றி இன்னும் தகவல் இல்லை என்று. தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். மாதாமாதம் கேட்டார்கள், "தகவல் உண்டா?" என்று. இல்லை என்று தலையை ஆட்டுவேன்.

அவர்களுக்கு மே மாதத்து முதல் ஞாயிறில் ஒரு சடங்கு உண்டு. இலையுதிர் காலத்தில் இறந்தவர்கள் வந்து போவார்கள் என்று நம்பி, அவர்களுக்கும் மேசையில் இடம் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவார்கள். முந்திய வருடங்களில் நான் கதவு திறந்துவிட்டதோடு சரி. 2013இல் என்னையும் அழைத்தார்கள். அதற்கு முந்திய மாதக் கூட்டத்தில், உங்களை விட்டுப் போனவருக்குப் பிடித்த சாப்பாட்டை ஆளுக்கு ஒன்று கொண்டு வாருங்கள் என்று தலைவி சொன்னார். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். தாடிக்காரர் தன் அப்பாவுக்குப் பிடித்த ஆப்பிள் பை என்றார். என் முறை வந்தது.

"இறால் வடை," என்றேன்.

மே மாதம் நான் வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். நீளமாக மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். இரண்டு தட்டுக்கு ஒரு தட்டு வெறுமையாக இருந்தது. வெறும் தட்டுகளில் மடித்த கடதாசிகளில் பெயர்கள். பேசக் கூடாதென்ற நேரம் தொடங்கிவிட்டது. தலைவி என்னைக் கைகாட்டி ஒரு கதிரையில் இருத்தினார். பக்கத்துத் தட்டைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில், அழகான கையெழுத்தில், என் தம்பியின் பெயர் இருந்தது. அவனுடைய கேள்விகள் எழுதிய குறிப்புப் புத்தகம் தட்டின் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது.

எல்லோரும் என்னை அன்பாகப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். அந்தக் கடதாசியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், ஒன்றும் படாத அந்தத் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஒருவரும் தடுக்கவில்லை. அவர்களுடைய முறைப்படி சாப்பாடு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. கரண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

முடிந்ததும் தலைவி குசினிக்கு வந்தார்.

"நாங்கள் பிழையாக ஏதாவது செய்துவிட்டோமா?"

"அவன் சாகவில்லை," என்றேன்.

"நாங்கள் நினைத்தோம்..."

"உங்களுக்கு இதெல்லாம் சிறுபிள்ளைக் கதை. விளையாட்டு. எங்களுக்கு அப்படி இல்லை."

ஆங்கிலத்தில் நான் அதுவரை அவ்வளவு தடங்கலில்லாமல் பேசியதில்லை. தலைவி கழுவிய தட்டைப் பார்த்தார்.

"எங்கள் நம்பிக்கை விளையாட்டு என்று வாழ்நாள் முழுதும் கேட்டிருக்கிறேன். உன்னிடம் கேட்பேன் என்று நினைக்கவில்லை," என்றார். பிறகு துடைக்கும் துணியை எடுத்து அந்தத் தட்டைத் துடைத்து அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கோபம் ஆறவில்லை. கையில் வடைப் பெட்டி அப்படியே கனத்தது. மேசையில் வைத்துத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் அம்மா இறந்து பதினாறு வருடம். அம்மாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, மேலெல்லாம் தடிக்கும். இறால் வடை தம்பிக்குப் பிடித்தது. விட்டுப் போனவருக்குப் பிடித்தது என்ன என்று என்னிடம் கேட்டபோது அம்மாவின் நினைவே எனக்கு வரவில்லை. அன்று காலை தேங்காய் எண்ணெயில் வடையைப் போடும்போதும் வரவில்லை. அந்தத் தட்டை அவர்கள் தாங்களாக வைக்கவில்லை. என் வாய்தான் வைக்கச் சொன்னது.

என் கணவர் ஒரு வடையை எடுத்துக் கடித்து, "இறாலோ, என்ன விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். இரவு தம்பியின் மனைவி எடுத்தாள். ஏதும் அறிஞ்சனீங்களே என்றாள். இல்லை என்றேன்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு அவர்கள் வேறு மண்டபம் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். எனக்கு வழமையான கதிரையைப் போட்டார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டத்தை வைத்துவிட்டுத் தலைவியிடம், "நான் சொன்னது பிழை," என்றேன். "தெரியும்," என்று என் தோளைத் தட்டினார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். தம்பி என்ன கேட்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. தகவல் உண்டா என்றும் கேட்கவில்லை. என்னை நோகச் செய்யக் கூடாதென்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்கு அது தாங்க முடியவில்லை. அந்த வட்டத்தில் அவன் பேச்சே இல்லாமல் போவதற்கு அந்தத் தட்டே பரவாயில்லை போலிருந்தது.

"தம்பி ஒரு கேள்வி கேட்கிறான்," என்றேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"இவ்வளவு மந்திரம் படிக்கிறார்கள். காணாமல் போன ஒரு ஆளை இருக்கிற இடம் காட்டும் மந்திரத்தை ஏன் ஒருவரும் படிக்கவில்லை?"

தாடிக்காரர் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். இன்னொரு பெண், அப்படி ஒன்று இருந்தால் கதை முதல் பாகத்தோடு முடிந்துவிடும் என்றார். இல்லை, அதற்கு மட்டும் மந்திரம் வேலை செய்யாது என்பதுதான் எழுத்தாளரின் எண்ணம் என்றார் வேறொருவர். பழையபடி வாதாடினார்கள். "நல்ல கேள்வி என்று தம்பிக்குச் சொல்," என்றார் தலைவி. குறிப்புப் புத்தகத்தை எடுத்து, மற்றக் கேள்விகளுக்குக் கீழே அதையும் எழுதினார்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவனுடைய கேள்வி இல்லை. அதில் சிரிக்க ஒரு பகிடி இல்லை. அவன் கேட்டிருந்தால் பகிடி இருந்திருக்கும். அவன் சொல்லாததை அவன் சொன்னதாக நான் முதல் தரம் சொல்லியிருந்தேன்.

ஜூலை வந்தது. அந்தக் கிழமை முழுவதும் நிலம் துடைக்கும்போதும், பஸ்ஸில் இருக்கும்போதும் யோசித்தேன். அவன் இந்தக் கதையைக் கேட்டால் என்ன சொல்வான், எதைப் பிடித்துக்கொண்டு நக்கல் அடிப்பான் என்று அவன் குரலில் நினைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருந்த பிறகு தலைவி புத்தகத்தைத் திறக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி என்ன கேட்கிறான்?"

அவன் குரலில் எனக்கு ஒன்றும் வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வாசிக்கத் தொடங்கினார்.