கால்வாய்க்கு அந்தப் பக்கம்

என் அப்பாவை அடக்கம் செய்த இடம் மலேசியாவில் புலாவ் செபாங்கிற்கு அருகில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் கடைசி மூலை. ரப்பர் மரங்கள் நின்ற காலத்திலேயே அந்த மூலையைக் கிறிஸ்தவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள். அப்பாவுக்கு இடப்பக்கம் படுத்திருப்பவர் மெதடிஸ்ட் சபைக்காரர். காலடியில் இருப்பவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர், ரப்பர் காலத்தில் பால்மரம் வெட்டியவர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மறுநடவு செய்தபோது, தோட்ட நிர்வாகம் கல்லறைக்குப் போகும் பாதையின் குறுக்கே ஆழமான கால்வாய் ஒன்றை வெட்டிவிட்டது. கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவுமாகப் போன நான் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் தோட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி தமிழர்தான். மேசையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்துக் காட்டினார்.

"மூணு சர்ச்சும் தனித்தனியா லெட்டர் குடுத்திருக்கீங்கம்மா. ஒருத்தவங்க பாலம் கேக்குறாங்க. ஒருத்தவங்க வேற பக்கம் பாதை கேக்குறாங்க. ஒருத்தவங்க அவங்க கல்லறைக்கு மட்டும் வேலி போடணும்னு கேக்குறாங்க. மேனேஜர் எதத்தான் பாக்குறது? எல்லாம் பேசி ஒரே லெட்டரா கொண்டாங்க லா."

வேலி கேட்ட கடிதத்தின் தலைப்பைப் பார்த்தேன். அது எங்கள் ஆலயத்தின் கடிதம்.

அன்றைக்கு வீட்டில் சமைக்கக்கூட மனம் வரவில்லை. அலோர் காஜாவில் நான் ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். முதல் நற்கருணையாகிய புதுநன்மை வாங்கும் எங்கள் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைப்பதும் நான்தான், ஞானஸ்நானம் எடுக்கும் பெந்தெகொஸ்தே பெண்களுக்கு வெள்ளை உடுப்பு தைப்பதும் நான்தான். இரண்டும் ஒரே கட்டுத் துணியிலிருந்து வெட்டியவை. மூன்று கடிதங்களையும் ஒன்றாக்கும் வேலையை நானே முடிப்பது என்று அன்று முடிவு செய்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் செயற்குழுத் தலைவரைப் பிடித்தேன்.

"அங்கிள், வேலி எதுக்கு?"

"நாம மெழுகுவர்த்தி ஏத்துறத விக்கிரக ஆராதனைன்னு பெந்தெகொஸ்தேக்காரங்க பேசுறாங்கம்மா. நமக்கு எதுக்கு வம்பு? நம்ம பக்கம் நாம இருந்துக்கலாம்."

"எங்கப்பா காலடியில அவங்க ஆளு படுத்திருக்காரு. வேலிய எங்க போடுவீங்க? ரெண்டு பேருக்கும் நடுவுலயா?"

அவர் கார் சாவியைத் தேடிக்கொண்டே போய்விட்டார். அடுத்த ஞாயிறும் கேட்டேன். அதற்கடுத்த ஞாயிறு அவரே என்னிடம் வந்து, "மத்தவங்க கையெழுத்த மொதல்ல வாங்கிட்டு வா. அப்புறம் நான் போடுறேன்," என்றார். நடக்காது என்ற நம்பிக்கையில்தான் சொன்னார்.

மெதடிஸ்ட் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பழைய பாதையையே திறந்துவிடக் கேட்டு அன்றே மலாய் மொழியில் ஒரே கடிதமாக எழுதி, தன் சபையின் கையெழுத்தோடு கொடுத்தார். பெந்தெகொஸ்தே சபைக்கு என் கடைக்கு வரும் அக்கா ஒருவர் மூலம் போனேன். கல்லறையில் என் அப்பாவின் காலடியில் இருப்பவர் அவருடைய மாமனார். அக்காவே தன் போதகரிடம் பேசிக் கையெழுத்து வாங்கித் தந்தார். ஆனால் கடையில் உட்கார்ந்து ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, நான் மெழுகுவர்த்தி ஏத்த மாட்டேன். மனசுல இல்லாதத செய்ய முடியாது."

"ஏத்த வேணாம்க்கா. நான் ஏத்துறப்ப பக்கத்துல நில்லுங்க, போதும்."

தலைவருக்கு வேறு வழியில்லை. மூன்றாவது கையெழுத்தும் விழுந்தது.

தோட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்டாலும், கால்வாயில் காங்கிரீட் குழாய் இறக்கி மேலே பாதைக்கு மண் நிரப்பப் பல மாதங்கள் ஆயின. வாரம் ஒருமுறை கிராணிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். அது முடிந்ததும் ஒரு சனிக்கிழமை காலை மூன்று சபைக்காரர்களும் போய் லாலான் புல்லை வெட்டினோம். யாருடைய கல்லறை என்று பார்க்காமல் வரிசையாக வெட்டிக்கொண்டு போனோம். சிலுவை உடைந்து பெயர் அழிந்துபோன கல்லறைகளில் எது யாருடையது என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை.

வேலை முடிந்ததும் ஜெபம். கர்த்தர் கற்பித்த ஜெபம் எல்லாருக்கும் பொதுவாயிற்றே என்று தொடங்கினோம். முதல் வரியிலேயே இடித்துக்கொண்டது. நாங்கள் 'தந்தையே' என்கிறோம், மற்ற இரு சபையாரும் 'பிதாவே' என்கிறார்கள். பாதியில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஆசிரியர்தான் பேசினார். "அவங்கவங்க பழகினபடியே சொல்லுங்க. கேக்குறவருக்குப் புரியும்."

சொன்னோம். நாங்கள் முன்னதாகவே முடித்துவிட்டோம். அவர்களுக்கு முடிவில் கூடுதலாக ஒரு வரி உண்டு. ஆமென் சொல்ல வாயெடுத்த எங்கள் தலைவர், என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார். அவர்கள் முடிக்கும்வரை நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். பிறகு ஆமென் ஒரே குரலில் வந்தது. நான் அப்பாவின் கல்லறைக்குப் போனேன். மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்தபோது காற்று பலமாக இருந்தது. அக்கா திரியைத் தொடவில்லை. காற்று வந்த பக்கமாகக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒன்றாகக் கூடுவது பிடிக்காதவர்கள் மூன்று பக்கமும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கூடியபோது பாதிப் பேர்தான் வந்தார்கள். இருந்தாலும் அடுத்த துப்புரவு நாளுக்கு மூன்று சபைக்கும் வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டேன். பதில் போடாதவர்களின் வீட்டுக்கு இந்த வாரம் நேரிலேயே போகிறேன்.