டேங்கி மூடியும் ஓர் அங்கிளும்

எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது மலேசியாவில் பேராக் மாநில மோட்டார் சைக்கிள்காரர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அம்மாவின் கைப்பேசி, அம்மாவின் கணக்கு, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் எண்கள், முகப்புப் படத்தில் எங்கள் பழைய மோட்டார். அதனால் எல்லாரும் என்னை "அண்ணே" என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு அண்ணனாகவே இருந்தேன். மரியாதை சும்மா கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

நான் அங்கே விளையாடப் போகவில்லை. அம்மாவுக்கு ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. நாங்கள் குடியிருந்த தோட்டத்தைக் கம்பெனி விற்றபிறகு எங்களுக்கு வாய்த்த வீடு லகாட் பக்கம் ஓர் அடுக்குமாடியில். அப்பா எங்களோடு இல்லை. மோட்டார் தினமும் பாதி வழியில் நின்றுவிடும். ஓரமாகக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும். அந்த வாரம் அம்மா இரண்டு நாள் தாமதம். இன்னொரு முறை தாமதமானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

இதைத்தான் குழுவில் எழுதிக் கேட்டேன். குழுவை நடத்தியவர் பாரிட் புந்தாரில் பட்டறை வைத்திருந்த ஒரு போமன், அதாவது மெக்கானிக். எல்லாருக்கும் அவர் "தலை". உடனே பதில் போட்டார்: "சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. காயில் போச்சு அண்ணே. மாத்திடுங்க." காயில் என்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள். இருபது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

எனக்கு ஓர் உறுத்தல். முந்தின நாள் மோட்டார் நின்றது பெட்ரோல் ஊற்றும் ஓர் எண்ணெய் நிலையத்தின் வாசலில். அம்மா தள்ளிக்கொண்டுபோய் எண்ணெய் ஊற்றினார். ஒரே உதையில் ஓடிவிட்டது. எஞ்சின் அப்போதும் கொதித்துக்கொண்டுதானே இருந்திருக்கும்? அதையும் எழுதினேன். எழுதியவள் கடைசியில், "நன்றி அங்கிள்" என்று சேர்த்துத் தொலைத்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்ப்பு. வெளி ஆண் யாரானாலும் அங்கிள்.

"அங்கிளா? டேய், உனக்கு என்ன வயசு?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பதினாலு. பொண்ணு," என்றேன்.

அவ்வளவுதான், சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. காலையில் அண்ணே, மாலையில் பாப்பா! "அம்மா ஃபோன வச்சிட்டு போய்ப் பாடம் படி லா," என்றார் ஒருவர். தலை இன்னும் ஒரு படி மேலே போனார்: "மோட்டார் வெசயம் பெரியவங்க பேசறது. அப்பாவ எழுதச் சொல்லு பாப்பா." நான் கேட்ட கேள்விக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அப்பா இருந்தால் உங்களிடம் ஏன் வந்து நிற்கிறேன்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே இறங்கி, மோட்டாரை நிறுத்தியபடியே ஓடவிட்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடி, விக்கி விக்கி நின்றது. உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அம்மா எண்ணெய் ஊற்றியபோது செய்ததுபோல, சீட்டைத் தூக்கி எண்ணெய் டேங்கியின் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மறுபடி உதைத்தேன். ஓடியது!

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு. சீட்டு கிழிந்து மழைத்தண்ணீர் டேங்கிக்குள் இறங்குகிறதே என்று போன மாதம் நான்தான் வெட்டி, மூடிக்குள் இறுக்கி வைத்தேன். எங்கள் வீட்டில் ரிமோட்டிலிருந்து பள்ளிப் புத்தகம்வரை எதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. மூடியில் காற்றுப் போக ஒரு துளை இருக்கிறது, அது அடைபட்டால் எண்ணெய் இறங்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? துண்டைப் பிடுங்கி எறிந்தேன். அதன் பிறகு நானாக நிறுத்தும்வரை மோட்டார் நிற்கவில்லை.

திங்கட்கிழமை அம்மா நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். நான் எல்லாவற்றையும் குழுவில் எழுதினேன், பிளாஸ்டிக்கையும் மறைக்காமல். மறுபடி சிரிப்பு. "பாத்தீங்களா, சின்னப் பிள்ளைங்க கைய வச்சா இப்பிடித்தான்," என்றார் தலை.

"தப்பு பண்ணதும் நான்தான். கண்டுபுடிச்சதும் நான்தான். காயில் நல்லாத்தான் இருக்கு அங்கிள்," என்று எழுதினேன். இந்த முறை அங்கிளை வேண்டுமென்றேதான் போட்டேன். தலை பதிவை உடனே அழிக்கச் சொன்னார், இல்லாவிட்டால் குழுவை விட்டுத் தூக்கிவிடுவாராம்.

சாயங்காலம் அம்மா வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"பெரியவங்ககிட்ட இப்பிடியா பேசறது?"

நான் அழிப்பதற்காகக் கையை நீட்டினேன். அம்மா கைப்பேசியைத் தரவில்லை. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டி அனுப்பினார்.

"மோட்டார் என்னோடது. என் மக சொன்னதத்தான் கேட்டேன். இன்னிக்கு நேரத்தோட வேலைக்குப் போய்ட்டேன் தம்பி."