ஆந்தை இல்லாத வளை

கற்பிட்டியில் வெளிநாட்டாருக்குப் பறவை காட்டுவது என் தொழில். விருந்தாளி முன் பிள்ளையைப் பாடச் சொல்லிப் பார்த்த எவருக்கும் என் பாடு விளங்கும்.

தரைக்குள் குடியிருப்பவர்

போன வருடம் வந்த அமெரிக்க அம்மணி ஒருவர் கைபேசியில் ஒரு படம் காட்டினார். தரையில் ஒரு வளை. அதன் வாசலில் நெட்டைக் காலோடு ஒரு சின்ன ஆந்தை. அவர்கள் ஊரில் தரை அணில்கள் தோண்டிவிட்டுப்போன வளைகளில் இந்த ஆந்தைகள் குடியிருக்குமாம். இங்கேயும் ஒன்றைக் காட்டச் சொன்னார். எங்கள் ஆந்தைகளுக்கு மரப்பொந்துதான் வீடு என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. எங்களை முச்சக்கரவண்டியில் ஏற்றிவந்த நாசர் நானா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பஞ்சி புடிச்ச ஆந்தை தம்பி, தோண்டச் சோம்பல். வேற ஆள் தோண்டின வீட்டுல போய் இருக்கு."

ஹாஜியாரின் செருப்பு

ஆந்தை இல்லாவிட்டால் வளையாவது பார்க்கலாம் என்றார் அம்மணி. நுரைச்சோலைப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருக்கும் ஒரு ஹாஜியாரிடம் கூட்டிப்போனேன். அவரோ, தென்னம்பிள்ளைகளைக் கடித்து நாசமாக்கிய முள்ளம்பன்றியின் வளையை மூடக் கல்லும் மண்ணும் குவித்து வைத்திருந்தார். பொழுது சாய்ந்து முள்ளம்பன்றி வெளியே வரும்வரை பொறுக்கும்படி கெஞ்சினேன். நாங்கள் தள்ளிக் குப்புறப் படுத்தோம். ஹாஜியார் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார்.

வெளியே வந்தது முள்ளம்பன்றி இல்லை, ஒரு நரிக்குட்டி. பின்னால் இன்னும் மூன்று. முள்ளம்பன்றி கைவிட்ட வளையில் நரி குட்டி போட்டிருக்கிறது. காலையிலேயே மூடியிருந்தால் நான்கும் உள்ளேயே செத்திருக்கும். குட்டிகளுக்கு அந்தக் கவலையே இல்லை. ஒன்றன் வாலை ஒன்று கடித்து உருண்டன. ஒரு குட்டி ஹாஜியாரின் செருப்பைக் கவ்வி, தானும் இரண்டு தரம் குட்டிக்கரணம் போட்டு, வளைக்குள் இழுத்துக்கொண்டு போனது. அம்மணி சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கடித்தார். ஹாஜியார் சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியில் ஒற்றைச் செருப்போடு எழுந்து சொன்னார்: "தென்னம்பிள்ளை தின்றவன் போயிட்டான், கோழி தின்றவன் வந்திருக்கான். பரவாயில்ல, குட்டிகள் வளர்ந்து போற மட்டும் மூட மாட்டன்."

குருநாகலில் இருந்து ஒரு குரல்

ஊருக்குப் போன அம்மணி, கற்பிட்டியில் ஆந்தை தேடியதில் வாழ்நாளுக்கும் சிரித்துவிட்டதாக இணையத்தில் எழுதிவிட்டார். அதைப் பார்த்துக் குருநாகலில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். குடும்பத்தோடு வருகிறாராம், வளை ஆந்தை பார்க்க வேண்டுமாம். அப்படி ஓர் ஆந்தை இலங்கையிலேயே இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "ஓம், அந்த இல்லாத ஆந்தையத்தான் நாங்களும் பார்க்கோணும்."

பறவைகளுக்காக அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தவன் நான், இப்போது வருகிறவர்களோடு வளை வாசல்களில் குப்புறப் படுத்து முழங்கையையும் தேய்த்துக்கொள்கிறேன்.