பத்தொன்பது காவல்காரர்களும் மூன்று கால் அன்னமும்

எங்கள் வீட்டு ரகசியத்தைப் பாதுகாப்பதற்காக, முகம் தெரியாத பத்தொன்பது பேரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தவன் நான். ஒரே வாரத்தில் கொடுத்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சொல்லப்போனால் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரே குறுக்கே நின்று, ‘இதை எழுதியவர் யாரென்று சரிபார்க்கப்படவில்லை, நம்பிக்கையானவர்களிடம் மட்டும் வாங்குங்கள்’ என்று ஆங்கிலத்தில் எச்சரித்தது. எச்சரித்ததோடு நிற்காமல், சம்மதம் சொல்லும் பொத்தானைச் சில விநாடிகள் அமுங்கவிடாமல் பிடித்தும் வைத்தது. படித்தவன் அந்த நேரத்தில் கொஞ்சம் யோசிப்பான் என்று எங்கோ ஒரு நல்ல மனிதர் நம்பியிருக்கிறார். நான் அந்த நேரத்தில் ஒரு வாய் காபி குடித்தேன். பத்தொன்பது எக்ஸ்டென்ஷன்களுக்குமாகச் சேர்த்து மூன்று டம்ளர் காபி ஆயிற்று.

எக்ஸ்டென்ஷன் என்றால் வேறொன்றுமில்லை, இணையத்தைப் பார்க்க உதவும் பிரவுசரில் நாமே ஒட்டவைத்துக்கொள்கிற சின்னச் சின்ன உபகரணங்கள். ஒன்று விளம்பரத்தை மறைக்கும். இன்னொன்று கடவுச்சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளும். வேறொன்று, நாம் கேட்காமலே, ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில் இன்று மழை வருமா என்று மூலையில் சொல்லிக்கொண்டிருக்கும். எனக்கு எல்லாமே வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது என் தொழில். என் மனைவி பட்டுப்புடவைகளுக்கு டிசைன் போடுகிறவள். யார் கேட்டாலும் காட்டாமல் இருப்பது அவள் தொழிலில் பாதி. பதினெட்டு வருடம் இப்படி ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் ஓடியது பெரிய விஷயம்தான்.

கிராஃப் என்கிற கட்டம் போட்ட தாளில் பென்சிலால் அன்னத்தையும் மாங்காயையும் வரைந்துகொண்டிருந்தவள், அந்த வருடம்தான் கம்ப்யூட்டருக்கு மாறினாள். தறி டிசைனுக்கென்றே விற்கிற மென்பொருளின் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் இருவரும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டோம். ஊரில் பாதிப் பேர் திருட்டு சிடியில்தான் வேலை செய்தார்கள். நான் நூலகர், எனக்கென்று சில கொள்கைகள் உண்டு, முக்கியமாக மாட்டிக்கொண்டால் அவமானம் என்ற கொள்கை. ஆகவே ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து, படம் வரையும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். ஆரம்பகட்டத்தினருக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருந்தது. எனக்கு அதில் ஒரு நேர்கோடு போட இரண்டு நாள் ஆயிற்று. அவளோ மறுநாளே திரையைப் பெரிதாக்கி, ஒரு புள்ளிக்கு ஒரு கட்டம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஒரு பார்டரை முடித்துவிட்டாள்.

“ஓப்பன் சோர்ஸ்னா இன்னாங்க?” என்று கேட்டாள்.

“செஞ்ச விதத்தையே வெளிய வெச்சிடறாங்க. யார் வேணா பார்க்கலாம், எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்.”

“கிராஃபையே குடுத்துடறாங்களா?” அவள் முகத்தில் உண்மையான கவலை. “பைத்தியக்காரங்களா இருக்காங்களே. அப்புறம் சோத்துக்கு இன்னா பண்றாங்க?”

கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே, “ஆனா கிராஃபையே காட்டறவன் உள்ள எதையும் ஒளிச்சு வெச்சிருக்க முடியாது, இல்ல?” என்றாள். இதைத்தான் நான் மூன்று பத்திரிகைகளில் படித்துப் புரியாமல் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் வினை வந்தது. அவளுக்கு வழக்கமாக வேலை தருகிறவர் எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர், சொந்தமாக நான்கு தறி வைத்திருப்பவர். அவருக்காக அவள் போட்ட பார்டர் அவர் தறியில் பாதி நெய்த நிலையில் இருக்கும்போதே, அதே பார்டரோடு ஒரு புடவை வேறு தெருவில் தறியிலிருந்து அறுபட்டு வெளியே வந்துவிட்டது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“கம்ப்யூட்டர்ல போட்டா ஊருக்கே தெரிஞ்சிடும்னு சொல்லிக்கினு இருக்காங்கமா. எனக்கு அதெல்லாம் தெரியாது. இப்ப என் பொண்ணு முகூர்த்தப் புடவை போடணும். தாலி கட்டற அன்னிக்குத்தான் ஊர் அதைப் பார்க்கணும். இதுவும் வெளிய போச்சுன்னா தப்பா நெனைக்காத, நான் மறுபடியும் பென்சில்காரங்ககிட்டயே போயிடறேன்.”

அவர் போனால் அவர் பின்னால் அந்தத் தெருவே போய்விடும். அப்புறம் அவளுடைய கம்ப்யூட்டரை நான் வெளிநாட்டு ஊர் மழை நிலவரம் பார்க்கத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். அவள் “சரிண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

நான்தான் பேசினேன். “செக்யூரிட்டிய எங்கிட்ட விடு” என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அந்த வாரம்தான் பத்தொன்பதும் வந்தன. விளம்பரத்தைத் தடுக்க ஒன்று. அந்த ஒன்று சரியாகத் தடுக்கிறதா என்று பார்க்க இன்னொன்று. பக்கங்களுக்குள் ஓடும் குட்டி நிரல்களையெல்லாம் நிறுத்தும் ஒன்றைப் போட்டதும் ரயில் டிக்கெட் பக்கம் வெள்ளைத் தாளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போராடிவிட்டு ஸ்டேஷனுக்கே போய் வரிசையில் நின்றேன். யாரும் என்னை வேவு பார்க்கவில்லை என்ற நிம்மதியோடு நின்றேன். பிரவுசரின் தலையில் பட்டை பட்டையாகக் கருவிப்பெட்டிகள் சேர்ந்து, பக்கத்தைப் பார்க்கக் கீழே நான்கு விரற்கடை இடம்தான் மிச்சம். அதற்குள் செய்தி படிப்பது ஜன்னல் கம்பி வழியாகத் தேரைப் பார்ப்பது போல.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, பூட்டுப் படம் போட்ட ஒரு பட்டை. ‘உங்கள் அந்தரங்கத்தின் காவலன்’ என்று தன்னை அழைத்துக்கொண்டது. நிறுவி நான்கு நாள் கழித்துத்தான் அதன் நிபந்தனைகளைப் படித்தேன். புத்தகங்களுக்கு நடுவே பிழைப்பவன் செய்கிற காரியம் இது. ஏழாவது பக்கத்தில், நான் போகிற ஒவ்வொரு தளத்தின் முகவரியையும் ‘சேவையை மேம்படுத்த’த் தன் தலைமையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பதாக அது பணிவோடு தெரிவித்திருந்தது.

மனைவியிடம் சொன்னேன். “வாட்ச்மேன் வெச்சீங்களே, அவன் வாசல்ல உக்காந்துக்கினு யார் வராங்க போறாங்கன்னு நோட்டு போட்டு எழுதிக்கினு இருக்கானா?” என்றாள்.

அதை நீக்கப் பார்த்தேன், போகவில்லை. கம்ப்யூட்டரும் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. கடைசியில், ஓப்பன் சோர்ஸ்காரர்கள் கூடிப் பேசுகிற ஒரு தளத்தில், ‘புதியவர்களுக்கு’ என்ற பகுதியில் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அன்று கருட சேவை. ஊரே அதிகாலையில் பெருமாள் பின்னால் போயிருந்தது, மனைவியும். முகூர்த்தப் புடவைக்காக முதல் நாள் அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் போட்ட அன்னம் திரையில் பாதியில் நின்றது. போகும்போது, “அதை மூடிடாதீங்க, இன்னும் முடிக்கல” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சொன்ன சொல்லைக் கேட்பவன். மூடவில்லை. அதன் பக்கத்திலேயே பிரவுசரைச் சின்னதாகத் திறந்து, என் குறையை ஆங்கிலத்தில் உருக்கமாக எழுதினேன். ‘என் மனைவியின் தொழில் ரகசியம் ஒன்றைக் காக்க வேண்டியிருக்கிறது, எந்த எக்ஸ்டென்ஷன்களை வைத்துக்கொள்வது?’

பதில் உடனே வந்தது. ‘உங்கள் திரையைப் படம் பிடித்துப் போடுங்கள், பார்க்கிறோம்.’ பிடித்துப் போட்டேன்.

பிறகு குளித்துவிட்டு வந்து பார்த்தால் நிறைய பதில்கள். ஒருவர் பொறுமையாக எழுதியிருந்தார்: எதைச் சேர்க்கும் முன்பும், செய்தவர் யார், செய்த விதத்தைத் திறந்து காட்டியிருக்கிறாரா, கடைசியாக எப்போது திருத்தினார், விளம்பரத்தை மறைக்கிற வேலைக்கு என் கடவுச்சொல் எதற்கு என்றெல்லாம் கேட்டுப் பார்க்கவேண்டுமாம். நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கும்போது நான் கேட்கிற கேள்விகள்தான். பதிப்பகம் தெரியாமல் ஒரு நோட்ஸ்கூட அலமாரியில் ஏறவிட்டதில்லை நான். அவர் கணக்குப்படி பத்தொன்பதில் இரண்டு தேறின.

அடுத்தவர் ஃபின்லாந்துக்காரர். ‘அழகான பறவை. ஏன் மூன்று கால்?’ என்று கேட்டிருந்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரனுக்கு நம் மரபு என்ன தெரியும்? உட்கார்ந்து ஒரு நீண்ட பத்தி எழுதினேன். எங்கள் கோயில்களில் மூன்று கால் முனிவருக்கே சிலை உண்டு என்றும், இந்த மூன்று கால்கள் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்றும், கொஞ்சம் உண்மையும் நிறைய சொந்தக் கற்பனையுமாக. ‘ஆகா, அருமை’ என்று பிரேசிலிலிருந்து ஒருவர் பாராட்டினார். இந்தப் படத்துக்கு என்ன உரிமம், தன் திரைக்குப் பின்னணியாக வைத்துக்கொள்ளலாமா என்று இன்னொருவர் கேட்டார். பெருந்தன்மையாக ‘ஆஃப் கோர்ஸ்’ என்று அடிக்க ஆரம்பித்து, ‘ஆஃப்’ வரைக்கும் வந்த பிறகுதான் தோன்றியது, இவர்களெல்லாம் எந்தப் பறவையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று.

திரையைப் படம் பிடித்தபோது, பக்கத்தில் திறந்திருந்த அன்னமும் அதில் விழுந்திருந்தது. பதிவைத் திருத்தப் போனேன். திருத்தும் நேரம் முடிந்துவிட்டது என்றது. தளத்தை நடத்துகிறவருக்குக் கெஞ்சி எழுதினேன். நீக்கிவிடுகிறேன், ஆனால் இதுவரை எடுத்தவர்களிடமிருந்து திரும்ப வாங்க என்னால் முடியாது என்று நேர்மையாகப் பதில் போட்டார்.

மனைவி கையில் பிரசாதத்தோடு வந்தாள். சொன்னேன். நின்றபடியே கேட்டாள். நான் எதிர்பார்த்த எதையும் அவள் சொல்லவில்லை.

“மூணு காலோட போச்சா, ரெண்டு காலோடயா?”

“மூணு.”

மூச்சு விட்டாள். போன தடவை பார்டர் திருட்டுப் போன நாளிலிருந்து, எந்த டிசைனிலும் வேண்டுமென்றே ஒரு பிசகு வைத்துத்தான் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறாள். இந்த அன்னத்துக்கு அது மூன்றாவது கால். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம்வரை விட்டுவிடவேண்டும் என்பதை, தறிக்கான அட்டையில் துளை போடும்போது நேரில் போய் வாயால் சொல்வாளாம். கிராஃப் போடுகிறவர்களில் பலர் இப்படி ஏதாவது ஒன்று செய்வார்களாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க லைப்ரரி வாசல்ல போர்டு எழுதி வெச்சிடுவீங்க.” பிரசாதத்தைக் கையில் திணித்தாள். “ஆனா அந்தக் காலை எவன் வேணா அழிச்சுடலாம். திருடறவன் அவசரத்துல எண்ண மாட்டான்னு ஒரு நம்பிக்கைதான். வாங்க, அண்ணங்கிட்ட சொல்லிடணும்.”

“சொல்லணுமா?”

“அவர் பொண்ணு புடவைங்க. சொல்லாம எப்படி?”

நான் தெருமுனை வரைக்கும், நாளைக்குப் போகலாமே என்பதற்கு ஆறு காரணங்கள் சொன்னேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் நாங்கள் நுழைந்ததுமே அவர் தறிக்குழியிலிருந்து எழுந்து, நெய்திருந்த பாகத்தின்மேல் ஒரு பழைய வேட்டியை எடுத்துப் போட்டு மூடினார். வெளியாள் வந்தால் எல்லாத் தறிக்காரர்களும் செய்வதுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு வேட்டியும் போட்டார்.

மனைவி எதையும் மறைக்காமல் சொன்னாள். யார் செய்தது என்பதைக்கூட மறைக்கவில்லை. நான் தறியின் மரச்சட்டத்தை மிகுந்த ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். 

“யார் யார் பார்த்தாங்கோ?”

“ஃபின்லாந்துல ஒருத்தர், பிரேசில்ல ஒருத்தர்... இன்னும் ஒரு முப்பது நாப்பது பேர் இருக்கும்” என்றேன்.

“அது எங்க இருக்குது?”

“ரொம்ப தூரம்.”

“அவங்கள்லாம் கல்யாணத்துக்கு வரப் போறாங்களா?”

“இல்லைங்க.”

“நம்ம தெருவுல யாராச்சும்? பக்கத்துத் தெருவுல? கடைக்காரங்க யாராச்சும்?”

நான் பெயர்களை மனதில் ஓட்டிப் பார்த்தேன். “யாரும் இல்லைங்க. நம்ம ஊர் ஆளே அந்தத் தளத்துல என்னைத் தவிர இல்ல.”

அவர் தறியின்மேல் நழுவிய வேட்டியைச் சரியாக இழுத்து மூடினார்.  அவர் மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் புடவையைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல் உள்ளே போனாள். மனைவி டம்ளரைத் தொடவில்லை.

கடைசியில் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அன்னம் இருக்கட்டும்மா, மாத்த வேணாம். அந்தக் கால் விஷயத்த மட்டும் நீயே நேர்ல வந்து சொல்லு. இனிமேலும் கம்ப்யூட்டர்லயே போடு, நல்லாத்தான் இருக்குது.” என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: “ஆனா சார் ஆபீஸ் போனப்புறம் போடு.”